ஓதம் ஏறும் பழைய சிற்றாலயச் சுவருக்கு சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மாதா சிற்றாலயம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மெட்ராஸ் டெரஸ் கூரை. இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறி, பூச்சு உதிர்கிறது. உள்ளே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறது ஊர்க் கமிட்டி. செய்யலாமா? கோவிலைக் கட்டிய வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தயவுசெய்து சிமெண்ட் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். பூசிய புதிதில் சுவர் பளிச்சென்று இருக்கும். கேடு உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

அந்தக் காலச் சுவர்களில் ஈரத்தைத் தடுக்க டி.பி.சி. (அஸ்திவாரத்துக்கு மேலே போடும் ஈரத்தடுப்பு அடுக்கு) போடுவதில்லை. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் காய்ந்துபோகும். அந்த வழியை சிமெண்ட் அடைத்தால், ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே தங்கிச் செங்கல்லை மாவாக உதிர்த்துவிடும். உதிரும் சுண்ணாம்புப் பூச்சு தன்னைக் கொடுத்துச் செங்கல்லைக் காப்பாற்றுகிறது. பூச்சை மாற்றிவிடலாம், சுவரை மாற்ற முடியாது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே ராஸ்லின் என்ற கிராமத்தில் ஒரு கல் சிற்றாலயம் இருக்கிறது. வில்லியம் சின்க்ளேர் என்ற பிரபு 1446-இல் தொடங்கியது. பெரிய கோவிலாகத் திட்டமிட்டும், பீடம் உள்ள கிழக்குப் பகுதி மட்டுமே எழுந்தது. தூண், வளைவு, விதானம் எங்கும் சிற்பம். அவற்றைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தில்தான் 1950-களில் உள்பக்கம் முழுக்க சிமெண்ட் கரைசல் பூசினார்கள். கல்லுக்குள் ஈரம் சிக்கிக்கொண்டது. கடைசியில், 1997-இல் கட்டடம் முழுவதற்கும் மேலே இரும்புக் கூரை ஒன்றை எழுப்பி, மழை படாமல் கல்லைக் காயவிட வேண்டியதாயிற்று. அந்தக் கூரையைப் பிரிக்க 2010 ஆனது. அவர்களிடம் பணமும் நிபுணர்களும் இருந்தார்கள். உங்கள் ஊர்க் கோவிலுக்கு இந்தச் சோதனையே வர வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வெளியே போய்ப் பாருங்கள். ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில், வெளித்தரை கோவில் தரையைவிட மேடாகியிருக்கும். சுவரை ஒட்டி சிமெண்ட் தளமும் இருக்கலாம். ஓதத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தத் தளத்தை உடைத்து, அஸ்திவாரம் தெரியாத அளவுக்கு மண்ணை இறக்கி, மழைநீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள்.

அப்புறம் உதிர்கிற பூச்சை மட்டும் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். பிறகு நன்றாக நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பில் மணல் கலந்து பூசலாம். கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்க்கும் பக்குவம் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது கமிட்டியின் முதல் வேலையாக இருக்கட்டும். மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது.

கூரையையும் விட்டுவிடாதீர்கள். மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லியைக் கொட்டி மரப்பலகையால் அடித்து இறுக்கியிருப்பார்கள். சுவருக்குள் நுழையும் கட்டையின் முனையை ஆணியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டையை உடனே மாற்ற வேண்டும். ஒழுகுகிறதே என்று மேலே கான்கிரீட் போட்டால், அந்தப் பாரமும் கட்டைகள் தலையில்தான் விழும்.

கட்டிய வருஷத்தைக் கண்டுபிடிக்க, தாய்ப் பங்கின் (உங்கள் சிற்றாலயம் அடங்கிய தலைமைக் கோவிலின்) ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். சிற்றாலயத்தின் பெயர் முதலில் வரும் இடம் நல்ல தடயம். உங்கள் பகுதி சேசு சபைத் துறவிகள் நடத்திய மதுரை மிஷனைச் சேர்ந்ததானால், 1838-இல் அங்கே திரும்பி வந்த அந்தச் சபையாரின் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். சுரண்டும் வேலை தொடங்கும்போது வாசல் நிலைக்கு மேலும் பீடத்தின் பின்னும் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். பூச்சுக்கு அடியில் எழுத்துப் பொறித்த கல் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிடைத்தால் கழுவாமல், பெயிண்ட் அடிக்காமல், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். தேய்ந்த எழுத்தும் அப்போது தெரியும்.