வார்டில் ஃப்ளூ, தனி அறையும் இல்லை: ஒரு ஸ்டாஃப் நர்ஸின் கேள்வி

கேள்வி: ஆண்கள் மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு நோயாளிகளுக்கு இன்ஃப்ளூயன்சா என்று ரிசல்ட் வந்திருக்கிறது. தனி அறை எதுவும் காலி இல்லை. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. மாஸ்க் போட்டால் மட்டும் போதுமா டாக்டர்?

பதில்: போதாது சிஸ்டர். மாஸ்க் கண்டிப்பாக வேண்டும், உங்களுக்கு மட்டுமல்ல, மூச்சுத்திணறல் இல்லையென்றால் அந்த இரண்டு பேருக்கும் போட்டுவிடுங்கள். தனி அறை இல்லாவிட்டால் இருவரையும் பக்கத்துப் பக்கத்து பெட்டில், ஜன்னல் ஓரமாகப் போட்டு, அடுத்த பெட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து 7 நாளாவது இப்படி இருக்கட்டும். அதற்குப் பிறகும் காய்ச்சலும் இருமலும் நிற்கவில்லையென்றால், நின்று 24 மணி நேரம் ஆகும்வரை தொடருங்கள். சளி உறிஞ்சி எடுக்கும்போது சாதாரண மாஸ்க் பத்தாது, என்95 போடுங்கள்.

அப்புறம் கை. காலை ரவுண்டுக்கு முந்தைய அவசரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்தாம் பெட்டில் டிரிப் மாற்றி, அதே கிளவுஸோடு ஆறாம் பெட்டில் பிபி பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதி, பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடுவோம். அந்த கிளவுஸ் உங்கள் கையைக் காப்பாற்றும், ஆறாம் பெட்டுக்காரரைக் காப்பாற்றாது. வழுவழுப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம்கூட இருக்கும், வீட்டில் குழந்தை பிடுங்கி வாயில் வைப்பதும் அதே பேனாவைத்தான். ஒவ்வொரு பெட்டை விட்டு நகரும்போதும் கிளவுஸைக் கழற்றி, ஹேண்ட் ரப்பை, அதாவது சானிடைசரை, 20, 30 விநாடி காயும்வரை தேய்த்துவிட்டு அடுத்தவரைத் தொடுங்கள். முடிந்தால் பிபி கஃபும் தெர்மாமீட்டரும் அந்த இருவருக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். கட்டிலில் ஏறி உட்காரும் உறவினர்களிடம் ஒருவர் மட்டும், மாஸ்கோடு இருங்கள் என்று கறாராகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கே காய்ச்சல் வந்தால் டூட்டிக்கு வராதீர்கள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பாராசிட்டமால் போட்டுக்கொண்டு நைட் டூட்டி பார்த்தேன், மூன்றாம் நாள் கூட இருந்த சிஸ்டர் படுத்துவிட்டார், இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகட்டும், பிறகு வாருங்கள். ஆள் பற்றாக்குறை என்பார்கள், தெரியும். ஆனால் நீங்கள் வந்து இன்னும் மூன்று பேர் படுத்தால் வார்டை யார் பார்ப்பது? காய்ச்சல் கண்டதும் டாக்டரைப் பாருங்கள், ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து தேவைப்பட்டால் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும், பலன் தர இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழைக்காலத்துக்கு முன்பே போடுவது நல்லது. இந்த வருடம் போடவில்லையென்றால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கும் போடலாம், முதல் தடவை என்பதால் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ். வீட்டுக்குப் போனதும் யூனிஃபார்மை மாற்றி, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். உங்களுக்கே காய்ச்சல் வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுங்கள்.