சின்னவனுக்கு ஒன்றரை வயது, கப்பலில் போகலாமா?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது, மகனுக்கு ஒன்றரை வயது. வரும் விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து 7 இரவு சொகுசுக் கப்பலில் போகலாம் என்கிறார் என் கணவரின் அண்ணன். அவருடைய பிள்ளைகள் இருவரும் 10 வயதைத் தாண்டியவர்கள். “கப்பலிலேயே கிட்ஸ் கிளப் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாம்” என்கிறார். என் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்குத்தான் பயம். பையன் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டான், கண்டதன் மேலெல்லாம் ஏறுவான். நடுக்கடலில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? வாந்தி எடுத்தால்? வேண்டாம் என்று சொன்னால் எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு வரும். என்ன செய்யட்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் அவர்கள் சொல்கிற கணக்கில் போக வேண்டாம். அந்தக் கணக்கில் உங்கள் சின்னவன் இல்லவே இல்லை.

கிட்ஸ் கிளப் நல்ல ஏற்பாடுதான். பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றில் பகல் நேரத்தில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. படம் வரைதல், விளையாட்டு, ஆட்டம் பாட்டம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். உங்கள் மகள் அங்கே போனால் திரும்பி வரமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பொதுவாக 3 வயது நிரம்பிய பிள்ளைகளைத்தான் அங்கே சேர்ப்பார்கள், அதுவும் டயப்பர் பழக்கம் முழுவதும் விட்டிருந்தால்தான். ஒன்றரை வயதுப் பையனுக்கு நர்சரி வேண்டும். அந்த வசதி சில கப்பல்களில் மட்டுமே உண்டு. மணிக்கு இவ்வளவு என்று தனியாகப் பணம் வாங்குவார்கள். இடமும் குறைவு என்பதால் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் கிடைக்கும்.

அப்படியானால், அந்த 7 நாளும் பையனைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? உங்கள் கடிதத்தில் காய்ச்சலும் வாந்தியும் இருக்கின்றன, இந்தக் கேள்வி இல்லை. ஆனால் இதுவும் உங்கள் மனதில் ஓடுகிறது என்றுதான் நினைக்கிறேன். மற்ற எல்லோரும் ஓய்வெடுக்க, நீங்கள் மட்டும் தளம் தளமாகப் பையன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் விடுமுறை கிடையாது. எனவே, பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். காலையில் ஒருவர், மதியத்துக்குப் பிறகு இன்னொருவர் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். “நானும் பார்த்துக்கொள்கிறேன்” என்ற பொதுப்படையான வாக்கு கப்பல் ஏறிய இரண்டாம் நாளே காணாமல் போய்விடும். எந்த நேரம் யாருடையது என்று தெளிவாக இருந்தால்தான் உங்களாலும் ஒரு நாற்காலியில் சாய்ந்து கடலைப் பார்க்க முடியும்.

அடுத்தது தண்ணீர். டயப்பர் போடும் குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்கக் கூடாது என்பது பெரும்பாலான கப்பல்களில் விதி. நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பர் போட்டிருந்தாலும் விட மாட்டார்கள். அக்கா தண்ணீரில் குதித்து விளையாட, தம்பி கரையில் நின்று அழுவதை நினைத்துப் பாருங்கள், ஏழு நாளும் அதே கதைதான். சில கப்பல்களில் டயப்பர் குழந்தைகளுக்கென்றே தண்ணீர் பீய்ச்சும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் கப்பலில் அது இருக்கிறதா, நர்சரி இருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். மேடை நிகழ்ச்சி, சறுக்கு மரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்னொன்று, எல்லாக் கப்பல்களிலும் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். இருந்தாலும் உங்கள் மகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைபேசியைப் பையிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

கண்டதன் மேலெல்லாம் ஏறுகிற பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பால்கனி அறைதான் எல்லோருக்கும் ஆசை. அதில் ஒரு நல்ல வசதி இருப்பதையும் மறுக்க முடியாது. குழந்தை மதியம் தூங்கும்போது பெரியவர்கள் வெளியே உட்கார்ந்து பேசலாம். பால்கனிக் கைப்பிடி உயரமாகத்தான் இருக்கும். ஆபத்து அங்கே கிடக்கும் நாற்காலியிலும் சின்ன மேசையிலும் இருக்கிறது. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு அவை போதும். உங்கள் பையனுக்குப் பால்கனி வேண்டாம் என்பதுதான் என் முடிவான அபிப்பிராயம். திறக்க முடியாத சன்னல் உள்ள அறையோ, சன்னலே இல்லாத உள்ளறையோ எடுங்கள். உள்ளறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, குழந்தைகள் நன்றாகத் தூங்குவார்கள். ஒரு சின்ன இரவு விளக்கு மட்டும் கொண்டு போங்கள். வசதி இருந்தால் நடுவே கதவுள்ள இரண்டு அறைகளை அடுத்தடுத்து எடுப்பது இன்னும் நல்லது. ஒன்றில் பிள்ளைகள் தூங்கலாம், மற்றதில் நீங்கள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். தொட்டில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன் கதவைப் பாருங்கள். தீ பரவாமல் தடுப்பதற்கான கனமான கதவு அது, தானாகவே மூடிக்கொள்ளும். குழந்தையின் விரல் இடுக்கில் இருந்தால் அதற்குத் தெரியாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பையன் கடைசியாக வரக் கூடாது, ஒரு பெரியவர் கதவைப் பிடித்தபடி அவனை முதலில் விட வேண்டும். குளியலறை வாசலில் சற்று உயரமான படி இருக்கும். நடை பழகிய பிள்ளைகள் அதில் இடறி விழுவார்கள். பெரும்பாலான அறைகளில் குளியல் தொட்டி கிடையாது, ஒருவர் நிற்கும் அளவுக்கு ஷவர்தான். தலையில் தண்ணீர் கொட்டினாலே வீரிடும் பிள்ளையாக இருந்தால், போவதற்குச் சில வாரங்கள் முன்பே ஷவரில் குளிக்கப் பழக்கிவிடுங்கள்.

வாந்தியைப் பற்றிய பயத்தைப் பாதி குறைத்துக்கொள்ளலாம். 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயணத்தின் அசைவால் குமட்டலும் வாந்தியும் வருவது அரிது. 2 முதல் 12 வயது வரைதான் அது அதிகம் படுத்தும். எனவே, நீங்கள் கவனிக்க வேண்டியது மகளை. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் கருவிகள் உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை எடுத்தால் அசைவு இன்னும் குறையும். வயிற்றைப் புரட்டினால் அவளை மேல்தளத்துக்கு அழைத்துப் போய்த் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து தேவையா, எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டை பிள்ளைகளுக்கு ஆகாது.

காய்ச்சல் விஷயம் வேறு. பெரிய கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள், குழந்தை நல நிபுணர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டணமும் அதிகம், அது உங்கள் அறைக் கணக்கில் ஏறும். வழக்கமான மருத்துவக் காப்பீடு பல சமயம் கப்பலில் செல்லாது. அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கிற பயணக் காப்பீடு எடுக்காமல் ஏற வேண்டாம், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெப்பமானி, பிள்ளைகளின் எடைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவோடு பாராசிட்டமால், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். அப்புறம் கைகழுவுதல். கப்பலில் கூட்டமாகப் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் நோரோவைரஸ்தான் காரணம். சானிட்டைசர் அதற்குப் போதாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பஃபேக்குப் போகும்போது ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

முதல் நாளில் அழுகை வரும் இடங்கள் இரண்டு. பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடலாம். அறையும் மதியத்துக்குப் பிறகுதான் தயாராகும். அதனால் டயப்பர், மாற்றுத்துணி, நீச்சல் உடை, பால்பவுடர், மருந்து எல்லாம் கையோடு இருக்க வேண்டும். டயப்பரைக் கப்பல் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது, பாதுகாப்புப் பயிற்சி. 7 குறுகிய ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி, இதுதான் அபாய அறிவிப்பு. சின்னப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் மிரண்டு போவார்கள், மகளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் கவிழ்ந்தபோது, அன்றுதான் ஏறிய பலர் பயிற்சியே எடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதியை மாற்றினார்கள். 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும். பையனின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கிடைக்கிறதா என்று அன்றைக்கே கேட்டு வாங்கி, போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நாட்கள் எத்தனை? முதல் பயணத்துக்கு 3 அல்லது 4 இரவு போதும். பல நிறுவனங்கள் 6 மாதக் குழந்தையையே ஏற்றுக்கொள்கின்றன, நீண்ட பெருங்கடல் பயணங்களுக்கு 12 மாதம் கேட்பார்கள். உங்கள் பையன் இரண்டையும் தாண்டிவிட்டான், வயது தடையில்லை. கப்பல் நிற்கிற ஊரிலெல்லாம் இறங்கியே தீர வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் ஊர் சுற்றப் போன பிறகு கப்பல் காலியாக இருக்கும், குழந்தைகளோடு இருப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

கெடுத்தவள் என்ற பெயர் வருமே என்று எழுதியிருக்கிறீர்கள். வெறுமனே “வேண்டாம்” என்றால் வரலாம். அதற்குப் பதிலாக, “இந்த வருஷம் 4 இரவு, நர்சரி உள்ள கப்பல், பால்கனி இல்லாத அறை. முடியாதென்றால் தம்பிக்கு 3 வயது ஆனதும் 7 இரவும் போவோம்” என்று சொல்லிப் பாருங்கள். அதில் குறை காண யாருக்கும் இடமிருக்காது. அதையும் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். இந்தப் பதிலை முதலில் உங்கள் கணவரிடம் காட்டுங்கள், கிட்ஸ் கிளப் பற்றி அவரே தன் அண்ணனிடம் பேசட்டும்.