இரண்டு தொட்டி ரப்பர் பால்: காய்ந்த ரப்பர் 54.4 கிலோவா, 51.2 கிலோவா?

ஒரு தொட்டியில் 120 கிலோ பால், அதில் காய்ந்த ரப்பர் 30 விழுக்காடு; மற்றதில் 40 கிலோ, 38 விழுக்காடு. மொத்தக் காய்ந்த ரப்பர் 54.4 கிலோ என்கிறீர்கள். ஆனால் பால் ஸ்டோர் கிராணி (எழுத்தர்) போட்ட 51.2 கிலோதான் சரி. நீங்கள் 30, 38 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 34 விழுக்காடு எடுத்து, மொத்தப் பால் 160 கிலோவைப் பெருக்கியிருக்கிறீர்கள். இரு தொட்டியிலும் ஒரே எடை இருந்தால் மட்டுமே அது செல்லும். உங்களிடம் இருப்பது 120 கிலோவும் 40 கிலோவும்.

120 × 0.30 = 36
40 × 0.38 = 15.2
கூட்டினால் 51.2. அதை 160-ஆல் வகுத்தால் 32 விழுக்காடு.

சரிபார்க்க: கலவையின் விகிதம் எப்போதும் எடை கூடிய தொட்டியின் பக்கமே சாயும். எடை வேறாக இருந்தும் விடை நட்டநடுவில் நின்றால் கணக்கு பிசகியிருக்கிறது.

ஆனால் விழுக்காடு பார்க்க மாதிரி எடுக்குமுன் பாலை அடிவரை கலக்கினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பெரிய தொட்டியில் ஒரு விழுக்காடு பிசகினாலே 1.2 கிலோ ரப்பர் போய்விடும். மழை நாளில் வாளியில் நீர் சேர்ந்தால் விகிதம் இறங்கும். நேற்றைய எண்ணை இன்றைக்குப் போடக்கூடாது.