குடல் ஆபரேஷன்: ஓப்பனா, கீஹோலா? கேள்வி பதில்

குடல் அறுவை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து இணைத்த பிறகு உடம்பு தேறுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். ஓப்பன் என்றால் வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்வது, கீஹோல் என்றால் சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது.

அப்பாவுக்குப் பெருங்குடல் கேன்சர். சின்ன ஓட்டை வழியா முழுசா எடுத்துட முடியுமா சிஸ்டர்?

முடியும். இந்தச் சந்தேகம் டாக்டர்களுக்கே இருந்தது. 872 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் கேன்சர் திரும்பியது கீஹோலில் 16 சதவீதம், ஓப்பனில் 18. ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று மட்டும் அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்: வெட்டிய குடலை வெளியே எடுக்கச் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தையலும் இருக்கும்.

கீஹோல்னுதான் ஆரம்பிச்சாங்க, ஓப்பனா முடிச்சாங்க. ஏதாவது தப்பு நடந்திருக்குமா?

அப்படி நினைக்காதீர்கள். பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிப்போயிருக்கலாம், ரத்தம் கசிந்து கேமராவில் சரியாகத் தெரியாமல் போகலாம். மேலே சொன்ன ஆய்விலேயே ஐந்தில் ஒருவருக்கு இப்படி மாற்ற வேண்டிவந்தது. பிடிவாதம் பிடிக்காமல் வயிற்றைத் திறந்த சர்ஜன் நல்ல சர்ஜன். தேறும் கணக்கை மட்டும் ஓப்பனுக்கு உரியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டினது வயித்துல, வலிக்கிறது தோள்பட்டையில. ஏன்?

கீஹோலில் வயிற்றை உப்பவைக்கக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவார்கள். அது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தும்போது, அதன் நரம்பு வழியாகத் தோளில் வலி தெரியும். எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

மூணு நாளாச்சு, அம்மாவுக்கு இன்னும் மோஷன் போகல. ஓப்பன் சர்ஜரி. பயமா இருக்கு.

சிறுகுடல் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். பெருங்குடல்தான் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், ஓப்பனில் இன்னும் கொஞ்சம் கூடலாம். முதலில் காற்றுப் பிரிகிறதா என்று பாருங்கள். வாந்தியும் வயிற்று உப்புசமும் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மாவை நடக்க வையுங்கள். பெரிய தையல் இருப்பவர்கள் நேராக எழ முயன்று, வலி தாங்காமல் திரும்பப் படுத்துவிடுகிறார்கள். முதலில் முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழட்டும். இருமும்போது மடித்த துண்டையோ தலையணையையோ தையல்மேல் அழுத்திப் பிடிக்கட்டும். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி கட்டி நிமோனியா வரலாம். ஓப்பன் நோயாளிகளிடம் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்.

கீஹோல் முடிஞ்சு ரெண்டு வாரம். வலியே இல்ல. வெயிட் தூக்கலாமா?

வேண்டாம் தம்பி. வெளிக்காயம்தான் சிறியது. உள்ளே குடலை வெட்டி இணைத்த இடம் இரண்டு முறையிலும் ஒன்றேதான், அது ஆறுவதும் ஒரே வேகத்தில்தான். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால், டாக்டர் சரி என்றால் போகலாம். ஓப்பன் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பாரம் தூக்குவதை நீங்களும் ஆறு வாரம் தள்ளிவையுங்கள். தையல் வழியே குடலிறக்கம் வரும் ஆபத்து ஓப்பனில் அதிகம், கீஹோலிலும் இல்லாமல் இல்லை. அசதி இரண்டு மூன்று மாதம் வந்து வந்து போகும், அது இயல்பு.

நாலாம் நாளே டிஸ்சார்ஜ். வீட்டுல எதைக் கவனிக்கணும்?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். இணைப்பில் கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில்தான் தெரியவரும். ஓப்பன் நோயாளி அப்போது பல நேரம் வார்டிலேயே இருப்பார், நாங்கள் நாடி பார்த்துக்கொண்டிருப்போம். கீஹோல் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். குறைந்துவந்த வலி திடீரென்று கூடினால், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தால், வயிறு கல்லாக இறுகினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, ரத்தம் உறைந்திருக்கலாம்.

எங்களுக்கு ஓப்பன் மட்டும்தான் முடியும்னு சொல்லிட்டாங்க.

கட்டி பெரிதாக இருந்தாலோ, குடல் அடைத்தோ வெடித்தோ அவசரமாகச் செய்தாலோ அதுவே பாதுகாப்பு. வீடு திரும்பச் சில நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். வலி மருந்தை நேரம் தவறாமல் கேட்டு வாங்குங்கள்.