நாலு ரிக்டரும் நாலாம் மாடியும்

அன்புள்ள ஐயா,

தில்லிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. துவாரகா பக்கம், கீழே கார் நிறுத்த இடம் விட்டு மேலே நாலு மாடி எழுப்பிய கட்டடத்தில் நாலாவது மாடி எங்களுடையது. 2025 பிப்ரவரி 17 காலை 5.36-க்கு வந்த நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இதற்கு முன்பும் எத்தனையோ தடவை ஃபேன் ஆடியிருக்கிறது, கீழே இறங்கி நின்று அரட்டை அடித்துவிட்டு மேலே வந்திருக்கிறோம். இந்தத் தடவை கட்டடத்தின் அடியில் லாரி மோதியதுபோல ஒரு சத்தம். நாலு ரிக்டர்தான் என்றார்கள், நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே "ஆடுதா?" என்கிறாள். பெரியது ஒன்று வரப்போகிறது என்று தேதி போட்டு வாட்ஸ்அப்பில் வருகிறது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பெரியவர், சின்னச் சின்னதாக வந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது, இனி பயமில்லை என்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவோ, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வா, இங்கே பூமி ஆடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ச., புது தில்லி

அன்புள்ள ச.,

உங்கள் சங்கத்துப் பெரியவரிடமிருந்து தொடங்குகிறேன். வாட்ஸ்அப்பைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 4-லிருந்து 7-க்கு மூன்று படி. 32-ஐ மூன்று முறை பெருக்கினால் ஏறக்குறைய 32,000. ஒரு 7-ஐச் சில்லறையாக மாற்றித் தீர்க்க வேண்டுமானால் தினம் ஒரு 4 வீதம் தொண்ணூறு வருடம் தில்லி ஆட வேண்டும். அழுத்தம் இப்படி இறங்குவதில்லை.

இதே வாதம் ஓர் ஊரையே ஏமாற்றியிருக்கிறது. இத்தாலியின் லாக்குவிலாவில் 2009-ன் தொடக்கத்தில் மாதக்கணக்காகச் சிறு நடுக்கங்கள் வந்துகொண்டிருந்தன. ஓர் ஆய்வுக்கூட டெக்னீஷியன், நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து, பக்கத்து ஊரான சுல்மோனாவில் பெரியது வரும் என்று கிளப்பிவிட்டார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மக்களின் பீதியை அடக்க மார்ச் 31 அன்று நிபுணர் குழு லாக்குவிலாவில் கூடியது. அதையொட்டித் தொலைக்காட்சியில் பேசிய பேரிடர்த் துறை அதிகாரி, ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருப்பது நல்லதுதான் என்கிற மாதிரிச் சொன்னார். அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ராத்திரி நிலம் ஆடினால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சதுக்கத்துக்குப் போய்விடுவார்கள், அல்லது காரில் படுத்துக்கொள்வார்கள். ஏப்ரல் 5 இரவு ஒரு நடுக்கம் வந்தபோது, அதிகாரியின் பேச்சை நம்பிப் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அதிகாலை 3.32-க்கு 6.3 வந்தது. 309 பேர் இறந்தார்கள். ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் 2012-ல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2014-ல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுதலை ஆனார்கள், அதிகாரிக்கு இரண்டு வருடமாகக் குறைந்தது. பாட்டன் பாட்டி காலத்திலிருந்து வந்த பயத்துக்கு அந்த ஊரில் ஒரு வேலை இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டதுதான் அங்கே நடந்த தவறு.

வாட்ஸ்அப் தேதிக்காரர்களை ஒரே கேள்வியில் அடக்கலாம்: எந்த இடம், எந்த நாள், எவ்வளவு பெரியது? உலகத்தில் வருடத்துக்கு 6-க்கு மேல் நூற்றுக்கும் அதிகமாகவும், 5-க்கு மேல் ஆயிரத்துக்கும் அதிகமாகவும் வருகின்றன. "இந்த வாரம் இந்தோனேசியா பக்கம் ஒன்று" என்று சொல்பவர் ஜோசியத்தில் தோற்கவே முடியாது. சீனாவில் 1975-ல் ஹைசெங் நகரத்தை முன்கூட்டியே காலி செய்தார்கள் என்பது உண்மை. மறு வருடமே தாங்ஷானில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அரசுக் கணக்குப்படி 2,42,000 பேர் இறந்துபோனார்கள். இமயத்தின் குறுக்கே நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நெருக்கப்படுகிறது, அது என்றாவது அவிழும் என்பது வரை அறிவியல் சொல்லும். நாள் குறிக்காது.

இப்போது அந்தச் சத்தம். தில்லிக்கு இரண்டு வகை நடுக்கம் வரும். நீங்கள் பழகியது ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலையிலிருந்து வருவது. 2015 அக்டோபரில் வந்த 7.5-ம் 2023 மார்ச்சில் வந்த 6.5-ம் 200 கிலோமீட்டர் அளவு ஆழத்திலிருந்து கிளம்பியவை. அவ்வளவு தூரம் வருவதற்குள் வேகமாகத் துடிக்கும் அலைகள் பாறையில் தேய்ந்துபோய், மெதுவாக அசைக்கும் நீண்ட அலைகள் மட்டும் மிஞ்சும். ஃபேன் ஆடும், தலை சுற்றும், சத்தம் இருக்காது. பிப்ரவரியில் வந்தது தில்லிக்குள்ளேயே தௌலா குவான் பக்கம், வெறும் 5 கி.மீ. ஆழம். துடிப்பான அலைகள் தேயாமல் அப்படியே வந்து தரையைப் பறையாக்கிவிட்டன. காதில் விழுந்தது, அவற்றில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து சேரும் முதல் அலை. எண் சிறியதுதான், நீங்கள் அதற்கு மிகப் பக்கத்தில் இருந்தீர்கள். ரிக்டர் எண் மூலத்தில் வெளிப்பட்டதன் அளவு, உங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு. டிவிக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

உங்கள் மனைவிக்கு வருவது மனப்பிராந்தி இல்லை. நடுக்கத்துக்குப் பிறகு ஆடாத தரை ஆடுவதாகத் தோன்றுவதை ஜப்பானியர்கள் 'ஜிஷின் யோய்' என்பார்கள், நிலநடுக்க மயக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். உள்காது சமநிலை பார்க்கும் உறுப்பு. ஒருமுறை ஏமாந்தபின் சின்ன அசைவையும், சில சமயம் சொந்த நாடித் துடிப்பையும்கூட, மூளை நடுக்கமாகப் படித்துவிடும். "ஒண்ணுமில்ல, பேசாம படு" என்று சொல்லாதீர்கள், அது லாக்குவிலா அதிகாரியின் பேச்சு. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி அவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தோன்றும்போதெல்லாம் அதைப் பார்க்கட்டும். தண்ணீர் அசையாவிட்டால் தரை அசையவில்லை. தேசிய நில அதிர்வு மையத்தின் 'பூகம்ப்' செயலியில் இடம், அளவு, ஆழம் மூன்றும் வந்துவிடும், அது ஒன்று போதும், மற்ற குழுக்களை மௌனமாக்கிவிடலாம். இப்படிச் செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. கீழே கார் நிறுத்த இடம் விட்டு மேலே நாலு மாடி. எனக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான்.

மேல் மாடிகளில் பில்லருக்கும் பில்லருக்கும் நடுவே செங்கல் சுவர் இருக்கிறது. சுவர் நிறைந்த மாடிகள் நாலும் சேர்ந்து ஒரே பெட்டிபோல விறைப்பாக நிற்கும். கீழே சுவர் இல்லை, பில்லர்கள் மட்டும். பந்தக்கால் மேல் கல் பெட்டியை ஏற்றி வைத்த மாதிரி. தரை பக்கவாட்டில் இழுக்கும்போது ஐந்து தளங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய வளைவு முழுவதையும் அந்தக் கால்களே தாங்க வேண்டியிருக்கும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை இந்த ரகம். மேல் மாடிகள் அதிகம் சிதையாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டன, கார் நிறுத்தும் தளம் காணாமல் போனது. அதற்குப் பிறகு 2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தரவிதி, இப்படித் திறந்து விட்ட தளத்தின் பில்லரையும் பீமையும் கணக்கில் வரும் விசையைப்போல இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. 2016-ல் சுவரோ சாய்வுத் தாங்கியோ வைக்கும்படி இன்னும் இறுக்கினார்கள். விதி இருக்கிறது. உங்கள் பில்டர் படித்தாரா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. சங்கத்தின் மூலம் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைக் கேளுங்கள். அறைகளைக் காட்டும் படம் வேண்டாம், கம்பி விவரம் உள்ள படம் வேண்டும். அதில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைப் பார்க்கச் சொல்ல வேண்டியவை இவை: பில்லரின் சிறிய பக்கம் 300 மி.மீ. இருக்கிறதா? தில்லியில் சுவருக்குள் மறையட்டும் என்று 230-ல் நிறுத்துவது சகஜம். பில்லரின் தலையிலும் காலிலும், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் 100 மி.மீ.க்கு மேல் தள்ளிப் போகாமல் நெருக்கமாக இருக்கின்றனவா? ரிங்கின் முனை 135 டிகிரி மடங்கிக் கான்கிரீட்டின் உள்ளே போகிறதா? கம்பி கட்டுகிறவருக்கு 90 டிகிரி மடிப்பதுதான் சுலபம். ஆனால் ஆட்டத்தில் மேல் கான்கிரீட் உதிர்ந்தவுடன் 90 டிகிரி ரிங் அவிழ்ந்துகொள்ளும், உள்ளே நிற்கும் கம்பிகள் பிதுங்கும், பில்லர் முடிந்தது. நெடுங்கம்பியின் லேப், அதாவது ஒரு கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்த்துக் கட்டும் இணைப்பு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பில்லரின் நடுப் பாதியில் வர வேண்டியதை, தளம் போட்ட கையோடு வசதி பார்த்துத் தரை மட்டத்திலேயே போட்டுவிடுவார்கள். விசை உச்சமாக இருக்கும் இடம் அது.

வரைபடமே இல்லையென்றால் கருவிகள் இருக்கின்றன. கான்கிரீட்டின் கடினத்துக்கு ரீபவுண்ட் சுத்தியல், கம்பி இடைவெளிக்கு ரீபார் லொக்கேட்டர். பில்லரை உடைக்காமல் பார்க்கலாம், ரிங்கின் மடிப்பைப் பார்க்க மட்டும் ஓரிரு இடத்தில் கொத்த வேண்டியிருக்கும். பலவீனம் தெரிந்தால் பரிகாரம் இரண்டு வகை. கார் தளத்தில் சில பில்லர்களுக்கு இடையே இரு திசையிலும் கான்கிரீட் சுவரோ இரும்புச் சாய்வுத் தாங்கியோ வைப்பது ஒன்று. சில கார்களுக்கு இடம் போகும், சங்கத்தில் சண்டை அங்கேதான் வரும். இன்னொன்று, பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவது. அந்தப் புதுக் கம்பி கீழே அஸ்திவாரத்துக்குள்ளும் மேலே தளத்தைத் துளைத்தும் போக வேண்டும். பீமுக்கு அடியில் நிறுத்திவிட்டால், பில்லருக்குச் சட்டை போட்டதாகுமே தவிர பலம் கூடாது.

விரிசலைப் பார்த்துப் பதற வேண்டாம், படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பீமும் செங்கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக ஓடும் மயிரிழை பூச்சுச் சுருக்கம், அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. பில்லரின் மேல் சாய்வாக ஓடும் விரிசலும், கம்பி போகும் வழியில் துருக்கறையோடு நெடுக ஓடும் விரிசலும் எஞ்சினியரை அன்றே கூப்பிட வேண்டியவை. மொட்டை மாடிக்கும் ஏறிப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன். அதை நாலு செங்கல் அடுக்கின் மேல் கட்டாமல் வைத்திருந்தால் அதன் கீழ்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

வீட்டுக்குள் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பீரோவையும் புத்தக அலமாரியையும் எல்-ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிணையுங்கள். சுவர்ப் பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். ஒரு அங்குல ஸ்க்ரூ போட்டால் அதில் பாதி பூச்சிலேயே போய்விடும். செங்கல்லுக்குள் 50 மி.மீ.யாவது இறங்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் கண்ணாடிச் சட்டம் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு, ஒரு டார்ச். ராத்திரி நடுக்கத்தில் பாதம் கிழிவது உடைந்த கண்ணாடியில்.

ஆடும்போது நாலாம் மாடியிலிருந்து ஓடாதீர்கள். வலுவான ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நீங்கள் கீழே போய்ச் சேர அதற்கு மேல் ஆகும். தவிர, படிக்கட்டுத் தளம் சாய்வாக நிற்பதால் தாங்கிபோல விசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முதலில் விரியும். அதைத் தாண்டினாலும் நீங்கள் போய்ச் சேருவது அந்தக் கார் தளத்துக்கு. உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் குப்புறப் புரண்டு தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றபின் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படியில் இறங்கி, முன்பே பார்த்து வைத்த பார்க்குக்குப் போங்கள், கட்டடத்தை ஒட்டிய சந்தில் நிற்காதீர்கள். ஊருக்குப் பேசுவதைவிட எஸ்எம்எஸ் சீக்கிரம் போகும்.

பெரிய ஆட்டத்துக்குப் பிறகு உடனே மேலே ஏறாதீர்கள். ஜப்பானின் குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 அன்று வந்ததுதான் முதன்மை நடுக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். 16-ந் தேதி அதிகாலையில் அதைவிடப் பெரிது வந்தது. வீடு திரும்பியிருந்தவர்கள் அதில் மாட்டிக்கொண்டார்கள். பின்னதிர்வுகளின் எண்ணிக்கை பொதுவாக நாளுக்கு நாள் குறையும், பத்தாம் நாள் முதல் நாளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஆகவே வெளியே படுப்பது என்று முடிவு செய்தால் முதல் சில ராத்திரிகளுக்குத்தான் அர்த்தம் அதிகம்.

கடைசியாக அம்மா. எண் கூடக் கூட நிலநடுக்க ஆபத்து கூடும் என்று பிரித்த 2016 தரவிதியின் வரைபடத்தில் தில்லி நான்காம் மண்டலம், கோவை மூன்றாம் மண்டலம், அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் ஒன்று வந்து தென்னிந்தியாவில் பெரும் பகுதியை உலுக்கியிருக்கிறது. இதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவர் படுக்கும் அறையை மட்டும் ஒருமுறை பாருங்கள். கட்டிலுக்கு நேர் மேலே பரண் இருந்து, அதில் பித்தளை அண்டாக்களும் இரும்புச் சட்டியும் இருந்தால் அவற்றைத் தரைக்கு இறக்கிவிடுங்கள், அல்லது கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள். காரணம் கேட்டால், பல்லி விழுகிறது என்று சொல்லலாம்.