திரும்ப மறுக்கும் பலகை

கேள்வி: கோவளத்தில் ஆறு மாதமாக சப் போர்டு (நின்றபடி துடுப்புப் போடும் பலகை) பழகுகிறேன். சொந்தமாக 12 அடி 6 அங்குலப் பலகை வாங்கினேன். நேராக நன்றாகப் போகிறது, அலையில் திருப்ப முடியவில்லை. என்ன பயிற்சி செய்யலாம்?
– திருவான்மியூர் வாசகர்

பதில்: அது நெடுந்தூரம் போவதற்கான பலகை. அந்த நீளமும் கூர்மூக்கும் நேராக ஓடுவதற்குத்தான். அலைச் சவாரிக்குப் பெரும்பாலும் 7 முதல் 9 அடிதான். கற்றுக்கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கியிருக்கக் கூடாதா?

இருப்பதை வைத்து, அலையில்லாத தண்ணீரில் பழகுங்கள். முழங்காலை மடக்கி, ஒரு காலை வால்பக்கம் நகர்த்துங்கள். வால் அமிழ்ந்து மூக்கு எழும். அந்த நொடியில் துடுப்பை முன்னிருந்து பின்னாக அரைவட்டமாக இழுத்தால் பலகை சுழலும். பார்வை திரும்ப வேண்டிய பக்கமே இருக்கட்டும். குளிப்பவர்கள் இருக்கும் அலைக்குள் இந்தப் பலகையைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: துடுப்பின் அகன்ற முனை என் பக்கம் வளைந்திருக்கிறது. தண்ணீரை நன்றாக அள்ளத்தானே?

பதில்: இல்லை. திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். அது முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: "150 கிலோ தாங்கும், எல்லா அலைக்கும் ஏற்றது" என்று காற்றடிக்கும் பலகை ஒன்று மலிவாக வருகிறது. என் எடை 75. வாங்கலாமா?

பதில்: இந்த "தாங்கும்" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோவை மிதக்கவைக்கும். 150 கிலோ என்றால் மூழ்காது, அவ்வளவுதான். திரும்புமா என்பதை விளிம்பும் வாலும், அடியில் மீன் செட்டை மாதிரி நிற்கும் ஃபின்னும் தீர்மானிக்கும். 6 அங்குலத் தடிமனுள்ள காற்றுப் பலகையின் விளிம்பு டயர் மாதிரி உருண்டை. அலைச் சரிவில் பிடிக்காமல் வழுக்கும். ஏரிக்கு நல்லது, அதைச் சொல்லி விற்கட்டும். நீளம், அகலம், தடிமன், லிட்டர், ஃபின்னைக் கழற்றி மாற்றலாமா – இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். நடுவில் ஒரே பெரிய ஃபின் என்றால் நேராக ஓடும், திரும்பச் சோம்பும்.

நானும் படத்தைப் பார்த்து நீளம் மாற்றும் அலுமினியத் துடுப்பு வாங்கினேன். சாய்ந்து திரும்பும்போதெல்லாம் கிளாம்ப் நழுவி, முனை கைக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். மூன்று வாரம் என் உடம்பில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: புதிது என்று 48,000 ரூபாய்க்கு எபாக்ஸி பலகை (உள்ளே நுரை, மேலே கெட்டிப் பிசின் ஓடு) வாங்கினேன். இருபது நாளில் கனத்துவிட்டது. மூக்கிலிருந்த ஸ்டிக்கரை உரித்தால் பழைய விரிசல், உள்ளே பழுப்பு நிறம். "நீங்கள் பாறையில் மோதியிருப்பீர்கள்" என்கிறார் கடைக்காரர்.
– புதுச்சேரி வாசகி

பதில்: ஸ்டிக்கருக்கு அடியில் விரிசலை ஒளித்தவர் உங்களைக் குற்றம் சொல்வதா? நீங்கள் தயங்கவே வேண்டாம் அம்மா. விரிசல் வழியாக நுரைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இனிக் கடலில் இறக்காதீர்கள், இப்போதைக்குப் பழுதும் பார்க்காதீர்கள். உரித்த ஸ்டிக்கரோடு படமெடுங்கள், எடை போடுங்கள், பலகை பழுதுபார்ப்பவரிடம் எழுதி வாங்குங்கள். பில்லில் வேறு கெடு இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே இன்றே எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம், கெடு 2 ஆண்டு, 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு, அலையில் சுருள் கயிறா, நேர் கயிறா?

பதில்: நேர் கயிறு. சுருள் கயிறு விழுந்தவர் மேலேயே பலகையை இழுத்துவிடும்.