கச்சானும் கடுதாசியும்

அன்புள்ள சார்,

என் மகன் எட்டாம் வகுப்பு. ‘இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா’ என்று நேற்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். பூம்புகாருக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது அவமானம் இல்லையா? காமாவுக்கு நானூற்றுச் சொச்சம் வருடம் முன்பே கடல் தாண்டிப் போய்க் கடாரத்தை, இன்றைய மலேசியாவின் கெடாவை, வென்றவர்கள் நாம். கடலை உலகத்துக்குத் திறந்துவிட்டவன் தமிழன்தான் என்று நீங்கள் ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

ஒரு வாசகர், குத்தாலம்

அன்புள்ள நண்பருக்கு,

காமா விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். 1498இல் அவர் ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தி வரை வந்து, வழி தெரிந்த ஒரு மாலுமியை அங்கே ஏற்றிக்கொண்டுதான் கோழிக்கோடு வந்தார். கரைக்கு அவர் அனுப்பிய ஆளிடம் பேசியவர்கள் இரண்டு துனிசியாக்காரர்கள். ‘உன்னை எந்தப் பிசாசு இங்கே கொண்டுவந்து விட்டது?’ என்கிற தோரணையில் ஸ்பானிய மொழியிலேயே கேட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்த ஊரில் விசாரிக்க ஆள் தயாராக இருந்திருக்கிறது! ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது மட்டும் புதுசு. அது அவர் கணக்கு.

ஆனால் நீங்கள் கேட்கும் கட்டுரையை என்னால் எழுத முடியாது. நம் கடலைத் திறந்ததும் மூடியதும் காற்று.

போன ஆடியில் நாகப்பட்டினம் கரையில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ‘போகலையா பெரியவரே?’ என்றேன். ‘கச்சான் தூக்கி அடிக்குது தம்பி. போறது சுளுவு, திரும்பி வர டீசலுக்குக் கட்டாது’ என்றார். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுதான் கச்சான். இன்ஜின் வைத்த படகுக்கே இந்தக் கதி. பாயை மட்டும் நம்பியவன் வாடையில் மேற்கே வந்தால், கிழக்கே திரும்பக் கச்சான் கிளம்பும் வரை மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி ஒருவர் கடாரத்தில் கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் வந்ததாக, அந்தக் காலத்து இன்னொரு சீனத் துறவியான இ-சிங் எழுதியிருக்கிறார். பயணம் ஒரு மாதம், காத்திருப்பு அதைவிடப் பல மடங்கு. காத்திருப்பவனுக்குச் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், கும்பிட ஓர் இடம் வேண்டும். பண்பாட்டுக் கலப்பு என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதி இப்படித் திண்ணையில் உட்கார்ந்ததில் வந்ததுதான் என்பது என் எண்ணம்.

கடாரத்து அரசர் கட்டிய சூடாமணி விகாரம் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1006 வாக்கில் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார். பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றிவந்த தடத்தை எல்லையாக வைத்தார்கள். சிவபக்தரான ராஜா, புத்தக் கோயில், கடல்தாண்டிய அரசர், நடுவில் ஒரு பிடி யானை! தந்தை சொல்லிப் போனதைச் செப்பேட்டில் வெட்டி நிலைநிறுத்தியவர் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025இல் ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ கடாரத்தைத் தாக்கினார். நீங்கள் பெருமைப்படும் அந்தப் படையெடுப்பு, தன் ஊரில் கோயில் கட்டியவர்களின் நாட்டின் மேல் போன படையெடுப்பு. அப்புறம் 1090இல் கடாரத்துத் தூதர்கள் மறுபடி வந்து, விகாரத்து ஊர்களுக்கு வரிச் சலுகை கேட்டு முதலாம் குலோத்துங்கனிடம் வாங்கிப் போனார்கள். சண்டை முடிந்தும் போக்குவரத்து நிற்கவில்லை. இதையெல்லாம் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்துக்குக் கப்பலேறிப் போனதால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்.

போர்த்துகீசியர் வந்தபின் காற்றோடு ஒரு காகிதமும் தேவைப்பட்டது. அதற்குப் பெயர் ‘கர்த்தாஸ்’, கப்பலுக்கான அனுமதிச் சீட்டு. கப்பல் யாருடையது, எங்கே போகிறது, என்ன சரக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். அது இல்லாமல் பிடிபட்டால் சரக்கும் போச்சு, கப்பலும் போச்சு. காகிதத்தைக் குறிக்கும் அந்தச் சொல்தான் நம் வாயில் ‘கடுதாசி’ ஆயிற்று. என் அப்பாயி கடைசிவரை கடிதம் என்று சொன்னதே இல்லை. ‘கடுதாசி வந்துச்சா?’ என்றுதான் கேட்பார்.

உங்கள் கடுதாசிக்கு நன்றி. பையன் பரீட்சையில் வாஸ்கோடகாமா என்றே எழுதட்டும், இல்லாவிட்டால் மார்க் போய்விடும். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகைக் கரைக்குக் கூட்டிப் போங்கள். கச்சான் அடிக்கும்போது தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள், என்னுடையது அப்படித்தான் கிழக்கே போயிற்று.